இருக்கையில் ஒரு பள்ளம்

இருபத்தாறு வருடம்
ஒரே பேருந்து, ஒரே தடம்:
போகோட்டாவிலிருந்து மலையேறி லா கலேரா.
ஓடியது பேருந்துதான்.
நான் உட்கார்ந்திருந்தேன்.
ஓட்டுநர் இருக்கையின் பஞ்சு
என் பின்புறத்தை
மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

சைக்கிள்காரர்களைக் கண்டாலே ஆகாது எனக்கு.
ஞாயிற்றுக்கிழமை ஏழாம் சாலையையே
பிடுங்கிக்கொள்ளும் கூட்டம்.
மலையில் வண்டிக்கு முன்னால் ஊர்ந்தால்
ஹாரனில் உள்ளங்கையை வைப்பேன், எடுக்க மாட்டேன்.
பன்றியை அறுப்பதுபோல் அலறும்.
என் சொந்தக் காசில் வாங்கிப் பொருத்தியது.

உரிமம் புதுப்பிக்க மருத்துவச் சோதனை.
நூற்றுப் பதினான்கு கிலோ.
டாக்டர் யமிலே எடையைப் பற்றிப் பேசவில்லை.
"படியிலா வந்தீர்கள்?" என்றார்.
"லிஃப்ட் பழுது" என்று சொல்லி முடிக்க
மூன்று மூச்சு தேவைப்பட்டது.
அந்த மூன்றையும் அவர் எண்ணினார்.

மைத்துனன் ஓவிதியோ
வாங்கிய கடனுக்கு ஈடாக
விட்டுப்போன சைக்கிள்
குளிர்பெட்டிக்குப் பின்னால் தொங்கியது.
முதல் நாள் நான்கு தெரு.
கசாப்புக் கடை நாய் துரத்தவில்லை,
பக்கத்திலேயே நடந்து வந்தது.
திரும்பும்போது
நாங்கள் மூவரும் நடந்தோம்,
நான், நாய், சைக்கிள்.

மாலை வேலைக்கு முன் தினமும் என்று
ஒரு பிடிவாதம்.
மருந்துக்கடை எடை எந்திரத்தில்
வெள்ளிதோறும் ஒரு நாணயம்.
இரண்டு கிலோ. பிறகு ஒன்று.
பிறகு ஆறு வாரம் முள் அசையவே இல்லை.
எந்திரம் கெட்டுவிட்டது என்று
கடைக்காரனோடு சண்டை போட்டேன்.
டிசம்பரில் மூன்று கிலோ திரும்பி வந்தது,
வாழையிலையில் மடித்த தமாலோடு.
"அதுவும் உன்னோடு பண்டிகை கொண்டாட
வந்திருக்கும்" என்றாள் நோரா.
ஜனவரியில் மழை. போனேன்.

மே மாதம் ஒரு நாள்
நாய் ஓடிப் பார்த்து,
தெருமுனையில் நின்றுவிட்டது.

அப்புறம்தான் மலை.
எந்த வளைவில் எந்த கியர் என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
எந்த வளைவில் எந்தத் தசை என்று
அதுவரை தெரியாது.
இந்த மலைக்கு இரக்கம் கிடையாது;
இறக்கம் உண்டு, அவ்வளவுதான்.
உச்சியில் ஒரு கூடாரக் கடை:
வெல்லம் கரைத்த வெந்நீர்,
அதில் அமிழும் பாலாடைக்கட்டித் துண்டு.
அதற்குள் நம் எண்ணிக்கை எல்லாம்
கொஞ்சம் கலைந்துவிடும்,
கலையட்டும்.

விடுமுறை நாளில், நான்காம் கிலோமீட்டரில்,
தொடை எரிய ஏறிக்கொண்டிருந்தேன்.
முதுகுக்குப் பின்னால்
பன்றி அலறியது.
என் பேருந்து. என் ஹாரன்.
மாற்று ஓட்டுநன் துவான்
பாதி உடலை வெளியே நீட்டி
என்னை அடையாளம் தெரியாமல் கத்தினான்:
"ஓரம் போடா, ஒல்லிப் பயலே!"

சாக்கடையில் விழப் பார்த்தேன்.
கெட்ட வார்த்தை வாய்வரை வந்தது.
வரும் வழியிலேயே
அது சிரிப்பாகிவிட்டது.
ஒல்லி.
இன்னும் தொண்ணூற்று மூன்று கிலோ இருக்கிறேன்,
அவனுக்கு யார் சொல்வது.

திங்களன்று வேலைக்குத் திரும்பினேன்.
இருக்கைப் பள்ளத்தில்
வேறொருவன் சட்டைக்குள் போனதுபோல்
ஆடிக்கொண்டு உட்கார்ந்தேன்.
கண்ணாடிக்கு வெளியே சாலை தெரிய
போர்வையை மடித்துப் போட வேண்டியிருந்தது.

யூகலிப்டஸ் வளைவில் ஒரு பெண்,
ஆரஞ்சுத் தலைக்கவசம்,
வண்டிக்கு முன்னால் ஊர்ந்தாள்.
கை ஹாரனுக்குப் போனது, பழக்கம்.
பிறகு கியருக்கு.
அவள் பின்னால் இரண்டாம் கியரில் போனேன்.
பின் இருக்கையில் யாரோ
"தூங்கிட்டியா, எடில்பெர்த்தோ?" என்றார்கள்.

இந்த வளைவை
எழுந்து நின்று மிதிக்க வேண்டும்.
அவள் உட்கார்ந்தே மிதித்தாள்.
எழு, என்றேன்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்,
எழு, எழு.